மூளையைப் பதப்படுத்தி வைத்தால் அப்பா திரும்பி வருவாரா?

மதுரை திருநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், வயது 72. மறதிநோய் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் இறந்தவர்களின் உடலையோ தலையையோ உறைய வைத்துக் காப்பாற்றுகிறார்கள், பிற்காலத்தில் மூளையை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி எழுப்பலாம் என்று தம்பி படித்திருக்கிறார். உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற நிலத்தை விற்றால் அதற்கான பணம் தேறும். "இது நடக்கிற காரியமா? நடந்தால், எழுந்து வருகிறவர் என் அப்பாதானா?" இதுதான் கேள்வி.

மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதப்படுத்தி வைக்க முடியும். எழுப்ப இன்று உலகத்தில் யாராலும் முடியாது. என்றாவது கம்ப்யூட்டரில் எழுப்பிவிட்டாலும் வருகிறவர் உங்கள் அப்பாவின் வாரிசாக இருப்பார், அப்பாவாக இருக்க மாட்டார் என்பது என் கட்சி. இந்தக் கடைசி விஷயத்தில் பெரிய தத்துவ ஆசிரியர்களே எதிர்க்கட்சியில் இருக்கிறார்கள். அதனால் அதை மட்டும் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

உறைய வைக்கிற சமாச்சாரம் நம் பக்கத்து மாட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. செல்லம்பட்டியிலோ அலங்காநல்லூரிலோ கால்நடை மருந்தகத்துக்குச் சினை ஊசி போட மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் பார்த்திருப்பார்கள். மூலையில் வயிறு பெருத்த ஓர் அலுமினியக் கேன் நிற்கும். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை விளிம்பு வழியாக வழிந்து தரைக்கு இறங்கும். இடுக்கியை விட்டு ஊசி கனத்தில் ஒரு குச்சியை எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, ஈரம் போகத் துடைத்து, நுனியைக் கத்தரித்துக் குழலில் செருகுவார்கள். உள்ளே இருப்பது உறைவிந்து. கேனில் இருப்பது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அமெரிக்காவின் அரிசோனாவில் மனிதர்களை வைத்திருப்பதும் இதே நைட்ரஜனில், இதே குளிரில்தான். அந்தக் குளிரில் வேதிவினை எதுவும் நடக்காது, ஆகவே காலம் ஒரு பொருட்டில்லை. ஆஸ்திரேலியாவில் 1968-ல் உறைய வைத்த செம்மறிக்கடா விந்தை 50 வருஷம் கழித்து எடுத்துப் போட்டார்கள், குட்டிகள் பிறந்தன.

குச்சிக்குள் இருப்பது இரண்டு கோடி அளவிலான தனித்தனி விந்தணுக்கள். உறைந்து உருகும்போது பாதி செத்துப்போகும். போகட்டும், மிச்சம் போதும். மூளையில் இந்தக் கணக்குச் செல்லாது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அவற்றுக்குள் 100 லட்சம் கோடி அளவுக்கு இணைப்புகள். யார் யாரோடு எவ்வளவு அழுத்தமாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் ஆளே இருக்கிறான். பாதி பிழைத்தால் போதும் என்று அங்கே சொல்ல முடியாது.

அப்புறம் பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது படிகமாகி உயிரணுவின் சவ்வைக் கிழிக்கும். அதைத் தடுக்க இரத்தத்தை வடித்துவிட்டு உறைதடுப்புத் திரவத்தை ஏற்றுகிறார்கள், திசு பனிக்கட்டியாகாமல் கண்ணாடிபோல் இறுகும். இந்த முறையில் நிஜமான முன்னேற்றம் இருக்கிறது. 2023-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் எலியின் சிறுநீரகத்தை இப்படி 100 நாள் வரை வைத்திருந்து, சூடேற்றி, திரும்ப எலிக்கே பொருத்தி வேலை செய்ய வைத்தார்கள். ஆனால் அது எலியின் சிறுநீரகம், நிலக்கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மனித மூளை சுமார் 1,300 கிராம். திரவம் எல்லா மூலைக்கும் சமமாகப் போகாது, போன இடத்தில் நஞ்சாகவும் வேலை செய்யும், இறுகிய பிறகு குளிரில் விரிசல் விடும். இப்படி உறைய வைத்த எந்தப் பாலூட்டியின் முழு மூளையையும் இதுவரை உயிரோடு மீட்டு எடுத்ததில்லை.

முதன்முதலில் உறைய வைக்கப்பட்டவர் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற உளவியல் பேராசிரியர், 1967 ஜனவரியில். இன்னும் அரிசோனாவில் ஆல்கார் என்ற அமைப்பின் கிடங்கில்தான் இருக்கிறார். அங்கே தலை மட்டும் என்றால் 80,000 டாலர் அளவில், முழு உடல் என்றால் 2 லட்சம் டாலருக்கு மேல். மிச்சிகனில் இன்னொரு நிறுவனம் 28,000 டாலருக்குச் செய்கிறது. பணத்தைவிடப் பெரிய சிக்கல் நேரம். இரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிஷத்தில் மூளை அணுக்கள் கெடத் தொடங்கும். அதனால்தான் இந்த அமைப்புகள் சாகப்போகிறவரின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆட்களை நிறுத்தி வைக்கப் பார்க்கின்றன. மதுரையில் இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ், தடையில்லாச் சான்று, சரக்கு விமானம், சுங்கம் என்று எல்லாம் முடிந்து அரிசோனா போய்ச் சேர நாள்கணக்கில் ஆகும். போய்ச் சேருவது என்னவாக இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்லறை நிலவறையில் வைத்திருந்த ஒன்பது உடல்கள் 1970-களில் பணம் தீர்ந்துபோய் உருகி அழுகின. நிதி நிறுவனத்தில் போட்ட பணத்துக்கு ஐந்து வருஷ உத்தரவாதம் இல்லாத ஊரில் வாழ்கிறோம். நைட்ரஜனை 200 வருஷம் ஊற்றிக்கொண்டே இருப்போம் என்று சொல்கிற நிறுவனத்தை நம்பி நிலத்தை விற்க நான் சொல்ல மாட்டேன்.

மூளையை உயிரோடு மீட்கிற ஆசையை விட்டுவிட்டு, அமைப்பை மட்டும் அச்சுக் குலையாமல் வைத்து, பின்னால் படித்துக்கொள்ளலாம் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. எனக்கு இவர்களைத்தான் கொஞ்சம் மதிப்பு. உடற்கூறு அறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், புதிதாக எடுத்த மூளை கட்டித்தயிர் மாதிரி, தட்டில் வைத்தால் தன் எடையிலேயே சரியும். ஃபார்மலினில் சில வாரம் ஊறிய பிறகு அதையே கையில் தூக்கிக் கத்தியால் வில்லை வில்லையாக வெட்டலாம். புரதங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டுவிடும். குளூட்டரால்டிஹைடு இதை இன்னும் நுணுக்கமாகச் செய்யும். அதை இரத்தக்குழாய் வழியாக ஏற்றி, பிறகு உறைய வைத்து, ஒரு முயலின் மூளையை இணைப்புகள் தெரிகிற அளவுக்குக் காத்ததற்காக 2016-லும், பன்றி மூளையைக் காத்ததற்காக 2018-லும் 'பிரெயின் பிரிசர்வேஷன் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு பரிசு கொடுத்தது. அந்த முறையைச் செய்து காட்டிய ராபர்ட் மெக்கின்டயரை வைத்து நெக்டோம் என்று ஒரு நிறுவனம் கிளம்பியது. 10,000 டாலர் முன்பணம் கட்டிப் பெயர் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். முறை நூற்றுக்கு நூறு மரணத்தில் முடியும் என்பதையும் அவர்களே சொன்னார்கள், ஏனென்றால் உயிர் இருக்கும்போதே திரவத்தை ஏற்றினால்தான் சரியாகப் பிடிக்கும். எதிர்ப்பு கிளம்பியதும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் அவர்களோடு வைத்திருந்த உறவை 2018-லேயே முறித்துக்கொண்டது.

சரி, காத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். படிப்பது எப்படி? 2024-ல் ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து ஒரு மனித மூளைத் துணுக்கை முழுசாகப் படம் எடுத்து வெளியிட்டார்கள். வலிப்புக்கு அறுவை செய்த ஒரு பெண்ணிடமிருந்து வந்தது, ஒரு கன மில்லிமீட்டர், கேழ்வரகு மணி அளவு. 5,000 சீவலுக்கு மேல் சீவினார்கள். அதில் 57,000 அணுக்கள், 15 கோடி இணைப்புகள். படங்களின் அளவு 1.4 பெட்டாபைட், அதாவது 14 லட்சம் ஜிபி. முழு மூளைக்கு இப்படி 12 லட்சம் துணுக்கு. ஒரு டிபி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினால் 168 கோடி டிஸ்க் வேண்டும், இந்தியாவில் தலைக்கு ஒன்று கொடுத்தாலும் மிஞ்சும். சென்னை ஐ.ஐ.டி.யிலும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் என்று ஒன்று இருக்கிறது. கருவில் இருக்கும் மனித மூளையின் 5,132 சீவல்களைப் படமெடுத்து 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் அதைத் திறந்து பார்க்கலாம். உயிரணு உயிரணுவாகப் பார்க்கிற படம் அது. இணைப்பு இணைப்பாகப் பார்ப்பது வேறு தரத்து வேலை.

டிஸ்க் விலை இறங்கும், ஸ்கேனர் வேகம் ஏறும் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், அது சரிதான். எனக்கு உறுத்துவது ஒரு புழு. சீ. எலகான்ஸ் என்ற புழு, ஒரு மில்லிமீட்டர் நீளம், மொத்தம் 302 நரம்பணுக்கள். அதன் இணைப்புப் படம் 1986-லேயே முழுசாகக் கையில் வந்துவிட்டது. அதை வைத்து அந்தப் புழு செய்வதையெல்லாம் அப்படியே செய்யும் ஒரு கம்ப்யூட்டர் புழுவை இன்றைக்கு வரைக்கும் யாரும் செய்து காட்டவில்லை. பழ ஈயின் 1,39,255 நரம்பணுக்களின் முழுப் படம் 2024-ல் வந்தது. அதிலிருந்து ஈயின் சில நடத்தைகளைச் சரியாகக் கணிக்கிறார்கள். ஆனால் படம் மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஈயை முழுசாக எழுப்பியதில்லை.

ஏன் முடியவில்லை? நண்டின் வயிற்றை அசைக்கிற ஒரு முடிச்சில் 30 நரம்பணுக்கள்தான் இருக்கின்றன. ஈவ் மார்டர் என்ற அம்மையார் பல பத்தாண்டுகள் அதை ஆராய்ந்திருக்கிறார். இணைப்பு மாறாமல் இருக்கும்போதே, சுற்றி ஓடுகிற ரசாயனம் மாறினால் அந்த 30 அணுக்களும் வேறு வேறு தாளத்தில் அடிக்கின்றன. கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்பது பாதி விஷயம். ஒவ்வொரு சந்திப்பின் பலம், சவ்வில் இருக்கும் வாசல்கள், பக்கத்தில் ஊறுகிற டோபமின், இவை எல்லாம் படத்தில் விழுவதில்லை. பதப்படுத்தும் திரவம் அவற்றை எவ்வளவு விட்டுவைக்கிறது என்பது இன்னொரு கேள்வி.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பலமான சாட்சி இருக்கிறது, மறைக்கக் கூடாது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியில் சில அறுவைகளுக்கு நோயாளியின் உடலை 18 டிகிரி, 20 டிகிரி வரை குளிரவைத்து இரத்த ஓட்டத்தையே நிறுத்துவார்கள். மூளையின் மின் அலைப் பதிவு தட்டையாகிவிடும். அரை மணி நேரம்போல அப்படியே கிடந்துவிட்டு, சூடேற்றினால் எழுந்து பெண்டாட்டி பேரைச் சொல்கிறார்கள். ஆக, நினைவு ஓடிக்கொண்டே இருக்கும் மின்சாரத்தில் இல்லை, அமைப்பில் பதிந்திருக்கிறது. அமைப்பைக் காத்தால் மனதைக் காக்கலாம் என்று சொல்கிறவர்கள் மடையர்கள் இல்லை.

ஆனால் எந்த அமைப்பு? தெற்குமாசி வீதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சௌராஷ்டிரப் பாட்டி, சின்ன வயதிலிருந்து சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். மறதி முற்றி, பெற்ற மகளை "நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா?" என்று கேட்கிற நிலை. துணியையும் நூலையும் மடியில் வைத்தால் போதும். இடது கை விரல் நகத்தால் துணியைப் புள்ளியாகக் கிள்ளி எடுக்கும், வலது கை நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பூட்டும், அடுத்த புள்ளிக்கு நகரும். பார்க்காமலே இடைவெளி தவறாது. மகளின் பெயர் ஓர் இடத்தில் இருந்திருக்கிறது, முடிச்சு வேறோர் இடத்தில் இருந்திருக்கிறது. இதை விஞ்ஞானத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். 1953-ல் வலிப்புக்காக மூளையின் உட்புறத்தில் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தார்கள். அதன்பின் 2008-ல் சாகும்வரை புதிதாகச் சந்தித்த ஒருவரையும் அவர் மனதில் நிறுத்த முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையக் கற்றுக்கொண்டார், கற்றுக்கொண்டதே தெரியாமல். நம் 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன, அசைவுகளை நயப்படுத்துகிற இடம். கம்ப்யூட்டரில் எழுந்த பாட்டிக்கு விரல் இருக்காது. முடிச்சு எங்கே போய் உட்காரும்?

இங்கேதான் உங்கள் அப்பா விஷயத்தில் நேரடியாகச் சொல்ல வேண்டியது வருகிறது. அல்சைமர் வகை மறதிநோயில் முதலில் அழிவதே நரம்பணுக்களின் இணைப்புகள்தான். காத்துவைக்க வேண்டிய பொருளையே நோய் தின்கிறது. இயற்கையாக மரணம் வருகிறவரை காத்திருந்து பதப்படுத்தினால், ஐந்து பத்து வருஷம் அரிக்கப்பட்ட மூளையைப் பத்திரப்படுத்துவீர்கள். முன்கூட்டியே செய்யலாமா என்றால் அதற்குப் பெயர் கொலை, அல்லது தற்கொலைக்கு உதவி. கலிஃபோர்னியாவில் தாமஸ் டொனால்ட்சன் என்ற கணித அறிஞருக்கு மூளையில் கட்டி. அது தன் நினைவைத் தின்பதற்குள் தன்னை உறைய வைக்க அனுமதி வேண்டும் என்று நீதிமன்றம் போனார். 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. அவர் வாதத்தில் தர்க்கப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன், எழுப்ப வழி கண்டுபிடிக்கும் முன்னால் இந்தக் கதவைத் திறந்தால் யார் யாரைத் தள்ளிவிடுவார்கள் என்பது ஊருக்குத் தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி. வருகிறவர் அதே ஆள்தானா?

நினைவு தொடர்ந்தால் அதே ஆள் என்றார் ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஜான் லாக். 1694-ல் அவர் தன் நூலில் சேர்த்த அத்தியாயத்தில் ஓர் இளவரசனின் மனம் செருப்புத் தைக்கிறவன் உடம்புக்குள் போகிறது. ஆள் இளவரசன்தான் என்பது அவர் தீர்ப்பு. நமக்கு இந்தக் கதை சாத்தனூரிலேயே நடந்திருக்கிறது. மேய்ச்சலில் செத்துக்கிடந்த மூலன் என்ற இடையனைச் சுற்றி மாடுகள் கதறுவதைப் பார்த்து, வடக்கேயிருந்து வந்த யோகி தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுந்தார், திருமூலர் ஆனார் என்று பெரிய புராணம் சொல்கிறது. மாடுகள் நக்கிப் பார்த்துத் திருப்தியாகிவிட்டன, அவற்றுக்கு உடம்பு போதும். மூலன் மனைவி வீட்டுக்குக் கூப்பிட்டாள், அவர் எனக்கும் உனக்கும் உறவில்லை என்றார். அவள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவந்தாள். அவர்கள் பார்த்துவிட்டு, இவர் இனிப் பழையபடி உனக்கு ஆக மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். லாக்கும் சாத்தனூர்ப் பெரியவர்களும் ஒரே கட்சி.

ஆனால் லாக் சொன்னதை அப்படியே எடுத்தால், பெயர் மறந்த அந்தப் பாட்டி பழைய ஆள் இல்லை என்றாகும். எந்த வீட்டிலாவது அப்படிச் சொல்கிறோமா? மருந்து வாங்குகிறோம், குளிப்பாட்டுகிறோம், அம்மா என்றே கூப்பிடுகிறோம். நினைவு மட்டும் ஆளைத் தாங்குவதில்லை.

திருமூலர் கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர் விட்டுவந்த உடம்பு வெறுங்கூடு. கோயிலில் பாலாலயம் செய்யும்போதும் சாந்நித்தியத்தை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கிறார்கள், இரண்டு இடத்திலும் இருப்பதாகக் கொள்வதில்லை. கூடு விட்டுக் கூடு பாய்தல் என்றால் பாய்வது. கம்ப்யூட்டருக்குப் பாயத் தெரியாது. ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நீங்கள் ஒரு படத்தை நகர்த்தும்போது அது செய்வது முதலில் நகல் எடுப்பது, பிறகு பழையதை அழிப்பது. மனதை ஏற்றுவதும் அப்படித்தான் இருக்கும், வேறு வழி இல்லை.

இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். மூளைக்குச் சேதம் இல்லாமல் ஸ்கேன் செய்கிற கருவி வந்துவிட்டது. உங்கள் அப்பா ஸ்கேன் முடிந்து திருநகர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். சென்னையில் ஒரு சர்வரில் இன்னொருவர் கண் விழித்து, "தம்பி, நான் வந்துட்டேன்" என்கிறார். பத்தாம் வகுப்பில் நீங்கள் கணக்கில் வாங்கிய மார்க்கைச் சரியாகச் சொல்கிறார். திண்ணையில் இருக்கிறவரைக் கொசு கடித்தால் சர்வருக்குச் சுருக்கென்று இருக்காது. திண்ணைக்காரர் கேட்கிறார்: "நான் எப்பப்பா அங்க போவேன்?" அவருக்கு என்ன சொல்வீர்கள்? அவர் போகவே மாட்டார். அடுத்த வருஷம் அவர் கண்ணை மூடினால் அது முழு மரணம். சர்வரில் இருப்பவர் அந்த மரணத்துக்கு அழுவார், அவ்வளவுதான். இப்போது ஸ்கேன் செய்கிற நிமிஷத்திலேயே மூளையைச் சீவி அழித்துவிட்டதாக மாற்றிக்கொள்ளுங்கள். சர்வரில் இருப்பவருக்கு இதனால் எதுவும் கூடவில்லை. திண்ணையில் ஓர் ஆள் குறைந்தார், அது மட்டும்தான் வித்தியாசம். நான் வாரிசு என்று சொல்வது இதனால்தான்.

தினமும் தூங்கி எழுகிறோமே, அதுவும் இப்படித்தானே என்று கேட்பார்கள். தூக்கத்திலும், அந்த 18 டிகிரி அறுவையிலும்கூட, அதே மூளை அங்கேயே கிடக்கிறது. நகல் எடுக்கவில்லை.

ஒவ்வொரு நரம்பணுவாக எடுத்துவிட்டுச் செயற்கை அணுவை வைத்துக்கொண்டே போனால்? இந்த ஒரு வழியை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை உடம்பே முழுசாக மாறிவிடுகிறது என்று வாட்ஸப்பில் வருவது பொய். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டன. ஸ்வீடனில் அந்தக் கணக்கை வைத்துப் பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களுக்கு வயது பார்த்தார்கள். ஆளுக்கு என்ன வயதோ, அதே வயதுதான் அவற்றுக்கும். ஆனால் நரம்பணு நின்றாலும் அதற்குள் இருக்கும் புரதங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. ஆகவே மெதுவாகப் பொருள் மாறுவதால் மட்டும் ஆள் போய்விடுவதில்லை. எந்த நேரத்திலும் இரண்டு பேர் உரிமை கோராத வழி அது ஒன்றுதான். இன்றைக்குக் கற்பனையில்தான் இருக்கிறது, அப்பாவுக்கு உதவாது.

எதிர்க்கட்சியின் பெரிய வக்கீல் டெரக் பார்ஃபிட் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர். செவ்வாய்க்கு ஆளை நகலெடுத்து அனுப்புகிற எந்திரத்தை வைத்து 1984-ல் அவர் எழுதியதைத்தான் இன்றும் எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறார்கள். நகல் நீங்களா என்பதே முக்கியமான கேள்வி இல்லை, உங்கள் நினைவும் குணமும் ஆசையும் தொடர்கிறதா என்பதுதான் முக்கியம் என்கிறார். ஆன்மா என்று நிலையான ஒன்று இல்லை, தொடர்ச்சி மட்டும் உண்டு என்ற பௌத்தத்துக்கு மிகவும் பக்கத்தில் வருகிற பேச்சு.

அந்தப் பேச்சை நம் ஊர்க் கூலவாணிகன் சாத்தனார் மணிமேகலையில் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் பாருங்கள். மதுரையில் சிந்தாதேவி கோயிலில் தங்கிப் பிச்சையெடுத்துக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டிய ஆபுத்திரன், மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு உண்ணாமல் இறக்கிறான். சாவக நாட்டில் மறுபடி பிறந்து புண்ணியராசன் என்ற அரசனாகிறான். பின்னால் மணிமேகலையோடு அதே தீவுக்கு வந்து பழம்பிறப்பை அறிகிறான், மணலுக்குள் தன் எலும்பையே பார்க்கிறான். பக்கத்தில் இன்னும் சில எலும்புகள். அவனைத் தேடித் திரும்பி வந்து, அவன் இறந்ததை அறிந்து தாங்களும் உயிர்விட்ட ஒன்பது செட்டிகளுடையவை. காவல் தெய்வம் அரசனைப் பார்த்துச் சொல்கிறது: உன் உயிரையும் கொன்றாய், உனக்கு இரங்கி வந்தவர்கள் உயிரையும் கொன்றாய், நீ கொலைகாரன் அல்லவா? உடம்பு வேறு, பெயர் வேறு, காலடியில் கிடக்கும் எலும்பு பழையது. ஆனாலும் கணக்கு அவன் பேரில்தான்.

எனக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும், பார்ஃபிட்டுக்கு ஆதரவாகவே வைத்துக்கொள்ளலாம். ஒரு கேள்விதான். அந்தத் தீவில் ஒரே நினைவோடு இரண்டு புண்ணியராசர்கள் வந்து நின்றிருந்தால், தெய்வம் யாரைக் கைநீட்டியிருக்கும்? மறுபிறப்பில் அந்தச் சிக்கல் வராது, ஒன்றுக்குப் பின் ஒன்றுதான். நகலில் முதல் நாளே வரும். ஒரு கொலைக்கு இரண்டு குற்றவாளி, ஒரு மனைவிக்கு இரண்டு கணவர், ஒரு பட்டாவுக்கு இரண்டு பேர்.

ஆகவே தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எனக்கு அப்பா கிடைப்பாரா' என்பது ஒன்று. அதை நீங்களும் வீட்டாரும் சாத்தனூர்ப் பெரியவர்கள் மாதிரி உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம், நகலை அப்பா என்று ஏற்றுக்கொண்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. 'அப்பாவுக்கு நாளைக்கு என்று ஒன்று கிடைக்குமா' என்பது மற்றது. அதில் நம் ஒப்புதலுக்கு வேலை இல்லை. கிடைக்காது என்பதுதான் என் கணிப்பு.

குரலையும் வாட்ஸப் செய்திகளையும் கொடுத்தால் அப்பா மாதிரியே பேசும் செயலி செய்து தருகிறோம் என்று இப்போது பலர் வருவார்கள். கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, காமராசர் பல்கலைக்கழகத்தாரும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2025-ல் முகங்களை உருவாக்கிக் காட்டினார்கள். சுமார் 2,500 வருஷத்துக்கு முந்தைய முகம் நம் டீக்கடையில் பார்க்கிற முகமாக இருந்தது. அவர் என்ன நினைத்தார் என்பதில் ஒரு துளிகூட அந்த எலும்பில் இல்லை. செயலி அதைவிட மோசம், நினைக்காததை நினைத்ததாகச் சொல்லும். பதிவு செய்யுங்கள், அது நல்லது. அவர் குரலில், அவர் சொன்னது மட்டும். கணக்கு வாத்தியார் என்றால் பலகையில் ஒரு தேற்றத்தை நிரூபிக்கச் சொல்லி, சாக்பீஸ் பிடிக்கிற கையோடு படமெடுங்கள்.

மூளையை வீணாக்கக் கூடாது என்பதுதான் எண்ணம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995-லிருந்து மூளை வங்கி நடக்கிறது. மறதிநோய் வந்த மூளைகள் ஆராய்ச்சிக்கு மிகவும் தேவை. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், குடும்பத்தின் எழுத்து ஒப்புதலும் வேண்டும், மதுரையிலிருந்து தூரமும் இருக்கிறது. அதனால் முன்கூட்டியே அவர்களிடம் பேசி, எது முடியும் எது முடியாது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு இன்று சொன்னால் புரிகிற நிலை இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்தில் அது இருக்குமா தெரியாது, ஆகவே முதலில் கேட்க வேண்டியது அவரிடம்.